மாலைக்கு இரண்டு கொக்கி

என் வேலைப் பையில் சுத்தியல், ரசமட்டம், அளவு டேப்பு, சின்னதும் பெரியதுமாக ஆணிகள் எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு சந்தன மாலையும் கிடக்கிறது. சந்தனச் சிராயைப் பூப்போலச் சுருட்டி, நடுநடுவே சிவப்பு மணி வைத்துக் கோர்த்து, இறந்துபோனவர்களின் படத்துக்குப் போடுவார்களே, அந்த மாலைதான். பம்பாயில், மாடுங்கா பூக்கடை வரிசையில் என் கையால் வாங்கியது. ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக, ஒரு படத்தின்மேல் தொங்கியது. பிறகு எந்தப் படத்திலும் ஏறவில்லை. பையைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசம் மேலே வரும், எனக்கு உள்ளங்கை வேர்க்கும். தூக்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் இப்படிப்பட்ட மாலையை எங்கே போடுவது, போட்டால் யாருக்கு என்ன ஆகும் என்று யோசித்து யோசித்தே நாலு வருஷம் ஓடிவிட்டது. நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது முறையும் பார்ப்பேன்.

மாடுங்காவில் இருக்கும் பொதுக் கலைக்கூடத்தில் படம் மாட்டுவது என் வேலை. கலைக்கூடம் என்பதெல்லாம் வாசல் பலகையில்தான், எங்களுக்கு அது கேலரி. மார்க்கெட்டை ஒட்டிய பழைய அரசாங்கக் கட்டடம். கீழே வரி கட்டும் ஆபீஸ், இருபத்திரண்டு படி ஏறினால் மாடியில் இரண்டு ஹால். ஒரு காலத்தில் வாசகசாலையாக இருந்ததாம். ஆபீஸ் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும், படம் வரைகிற மராத்திக்காரர்கள் சிலரும் சேர்ந்து மனு எழுதினார்களாம். நகரத்தின் பெரிய கேலரிகள் எல்லாம் கோட்டைப் பக்கம் இருக்கின்றன, இந்த ஏரியாக்காரனுக்கும் ஒரு சுவர் வேண்டும், டிக்கெட் இருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது. உள்ளூர்க்காரர்கள் வரைந்து கொடுத்த கடலும் மழையும் மில் புகைக்கூண்டும் அந்தச் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓவியப் போட்டி வருஷா வருஷம் அங்கேதான் நடக்கும். ஆனால் கேலரியின் பொறுப்பாளரான எங்கள் மேடம் ஒன்று சொல்வார். "யார் வேணாலும் வரலாம்னு போர்டு வெச்சா யாருமே வரமாட்டா. நீங்க வாங்கோன்னு கூப்பிடணும்ப்பா." தாராவியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் எங்கள் ஆட்கள் அந்தப் படியை ஏறியதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்வார்களோ, இங்கிலீஷில் ஏதாவது கேட்பார்களோ என்ற பயம்.

எங்கள் சந்தில் அந்தப் பயம் இல்லாத ஒரே ஆள் என் சித்தி.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் நாலாவது ஆளாகப் படுத்தவள். சட்டை தைக்கிற பட்டறையில் காலர் வைப்பாள். அம்மா வீட்டிலிருந்தபடியே தாகா கட்டிங் செய்தாள், தைத்த சட்டைகளில் தொங்கும் நூல்களைக் கத்தரிக்கிற வேலை. நாள் முழுக்கக் கத்தரி பிடித்த அம்மாவின் விரல்கள் சாயங்காலம் மடங்காது. சித்தி வந்து உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக இழுத்துச் சொடக்கு எடுத்துவிடுவாள். ஒன்பது விரல் சடசடவென்று சத்தம் கொடுக்கும். இடது கைச் சுண்டு விரல் மட்டும் எவ்வளவு இழுத்தாலும் கொடுக்காது. சித்தி தினமும் ஒரே வசனத்தைச் சொல்வாள்: "இந்தச் சுண்டு வெரலு அத்தான மாதிரிக்கா. என்ன இழுத்தாலும் வாயத் தொறக்காது." அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா சிரித்துச் சிரித்து நூல் துணுக்குகளின்மேல் சாய்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி என்னைக் கேலரிக்குக் கூட்டிப்போவாள். எனக்குப் பத்து வயது. "படம் பாக்கப் போறோம்" என்பாள், நான் சினிமா என்று நினைத்துக் கிளம்பி முதல் தடவை ஏமாந்தேன். பிறகு பிடித்துவிட்டது. மேலே மின்விசிறி ஓடும், தரை ஜில்லென்று இருக்கும். மழைப் படம் ஒன்றில் குடைகளை எண்ணுவேன். ஹாலின் நடுவில் நீளமான மரப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் சித்தி உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் மறு முனையில் அவள் பட்டறையின் கட்டிங் மாஸ்டர் வந்து உட்காருவார். அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், முஸ்லிம். இருவரும் எதிரே இருக்கிற படத்தைப் பார்த்தபடியே பேசிக்கொள்வார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நான் பார்த்ததில்லை. இறங்கும்போது மாஸ்டர் எனக்குத் தள்ளுவண்டியில் சேவ்பூரி வாங்கித் தருவார். டிக்கெட் இல்லாத, எங்கள் சந்துக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஓர் இடம் இந்தப் பம்பாயில் அவர்களுக்கு அது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

அந்தச் சமயத்தில் சித்தி ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டிய பெரிய படம். சேலைக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு. அவளுடைய இடது புருவத்தில், சின்ன வயதில் தகரம் வெட்டிய இடத்தில் முடி முளைக்காது. வண்ணம் தீட்டியவர் அதை நிரப்பாமல் அப்படியே விட்டிருந்தார். இரண்டு பிரதி போட்டாள். ஒன்று வீட்டுக்கு வந்தது. இன்னொன்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் நான்தான் சொன்னேன். சாதம் வேண்டாம், மாஸ்டர் சேவ்பூரி வாங்கித் தந்தார், வயிறு நிறைந்துவிட்டது என்றேன். எந்த மாஸ்டர் என்று அம்மா கேட்டாள். பெஞ்சில் எங்களோடு உட்காருவாரே அவர் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி இல்லை. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்காத அப்பா அன்றைக்குத் திறந்தார். "ஒங்க சித்தி தண்டவாளம் தாண்டயில ரயில்ல அடிபட்டுச் செத்துட்டா. ஆஸ்பத்திரியிலருந்தே தூக்கிட்டுப் போயாச்சு. இனிமே அவளப் பத்தி இந்த வீட்ல பேச்சு கெடையாது." மறுநாள் அவள் படம் சுவரில் ஏறியது, மாலையோடு. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா மாலையை மாற்றினாள்.

நான் சொன்னதால்தான் சித்தியைத் திட்டினார்கள், திட்டியதால்தான் அவள் தண்டவாளத்துக்குப் போனாள். பத்து வயதில் நான் போட்ட கணக்கு இது. யாரிடமும் சொல்லவில்லை. என் பள்ளிக்கூடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மேலே நடைபாலம் இருந்தது, ஆனால் கீழே வண்டி போனால் பாலம் அதிரும். அந்த அதிர்வு காலில் ஏறியதும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். மணி அடித்துவிடும், திரும்பி வந்துவிடுவேன். இப்படியே இரண்டு வருஷம் இழுத்து ஏழாவதோடு படிப்பு நின்றது. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள்.

படத்துக்கு ஃப்ரேம் போடுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. யார் ஆள் படம் கொண்டுவந்தாலும் அளவு எடுப்பதற்கு முன்னால், "ஆள் இருக்காங்களா, போயாச்சா?" என்று கேட்போம். முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும், படத்தைப் பார்த்தபடி கேட்போம். போயாச்சு என்றால் ஃப்ரேமின் மேல் இரண்டு மூலையிலும் மாலைக்கு இரண்டு பித்தளைக் கொக்கி வைத்துக் கொடுப்போம். இருக்கிறார்கள் என்றால் கொக்கி கிடையாது. தவறி வைத்துவிட்டால் கடையே இரண்டாகிவிடும். கேலரிக்கு ஃப்ரேம் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்து, பிறகு அங்கேயே படம் மாட்டுகிறவனாக எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். அதில் நான் உட்காருவதே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் கேலரியை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. ஆளே வராத ஹாலைக் கீழ் ஆபீஸின் பழைய ஃபைல்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். மேடம் விடவில்லை. இரண்டு வாரம் தாராவி, ஆண்டாப் ஹில், செம்பூர் என்று சந்து சந்தாக நடந்தார். உங்கள் வீட்டில் நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் படம் ஒன்றை ஒரு மாதத்துக்குக் கொடுங்கள், கேலரியில் மாட்டுகிறோம் என்று கேட்டார். அதுவரை கேலரிக்கு வராதவர்கள் எல்லாம் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். கல்யாணப் படம், கப்பலில் போன மாமாவின் படம், அணுசக்தி நகரில் வேலை கிடைத்த அன்று எடுத்த படம். எனக்குத் தூக்கமே இல்லை. அத்தனையும் அடுத்தவர்கள் வீட்டுச் சொத்து. ஆணி இளகினால்? மழை ஒழுகினால்?

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம், செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைப் பிரித்தேன். நீலச் சேலை. சிவப்பு உதடு. முடி முளைக்காத இடது புருவம்.

எங்கள் வீட்டுச் சுவரில் முப்பது வருஷமாக மாலையோடு தொங்குகிற அதே படம், மாலை இல்லாமல் என் மடியில் இருந்தது. கழுத்துக்குக் கீழே அவள் போட்டிருந்த பாசிமணியை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதை மாலை மறைத்திருந்தது.  சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், இது யாரு குடுத்தா?"

"ஆண்டாப் ஹில்லேர்ந்து ஒரு பையன் வந்து குடுத்துட்டுப் போனான். லேபிள்லாம் நாளைக்குக் காலம்பறதான் பிரிண்ட் ஆகி வரும். நீ மொதல்ல மாட்டுப்பா, மணி ஆறது."

பட்டறையில் கூட வேலை பார்த்த சிநேகிதி யாரோ ஒருத்தி இந்தப் பிரதியை வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கலாம்தானே என்று இப்போது நீங்கள் கேட்கலாம். ஆனால் ஃப்ரேமின் மேல் இரண்டு மூலையிலும் இரண்டு பித்தளைக் கொக்கி இருந்தது. என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இறந்தவளின் படம், கொக்கியும் இருக்கிறது, மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஒரு மாதம் தொங்கப்போகிறது. என் வாயால் போனவள். இரவெல்லாம் புரண்டேன். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகச் சந்தன மாலை வாங்கினேன். மேடம் வருவதற்கு முன்னால் கொக்கியில் மாட்டி, அளவு பார்த்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "தெரியாமச் சொல்லிட்டேன் சித்தி" என்று படத்திடம் சொன்னேன். முப்பது வருஷத்தில் அன்றுதான் சொன்னேன்.

பத்து மணிக்கு ஆட்கள் படியேற ஆரம்பித்தார்கள். அவரவர் வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பு புர்கா போட்ட ஓர் அம்மாள், கூட வந்த இளைஞனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வந்தார். முகம் திறந்திருந்தது. நேராக நீலச் சேலைப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.  பிறகு யாரையும் பார்க்காமல், சத்தமில்லாமல் கேட்டார்.

"இங்கயுமா போட்டுட்டிய?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். திரும்பினார். இடது புருவத்தில் முடி முளைக்காத அந்த இடம். கையிலிருந்த ஆணி டப்பா கீழே விழுந்து, ஹால் முழுக்க ஆணி உருண்டது. பேய் என்று நினைத்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, பிரிண்ட் ஆகி வந்த லேபிள்களோடு மேடம் ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? படத்து மேல எதுவும் படக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்! அதுவும் இவா உயிரோட வந்து நிக்கறா. ஐயோ, மன்னிச்சுக்கோங்கோம்மா, மன்னிச்சுக்கோங்கோ."

நான் "சித்தி" என்றேன்.  அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். என் காதைப் பிடித்துத் திருப்பி, அதன் பின்னால் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். பிறகு என்னை விடவே இல்லை. புர்காவில் மெஷின் எண்ணெய் மணத்தது.

அதே பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னாள். மாஸ்டரோடு கல்யாணம் முடிந்து ஆண்டாப் ஹில்லில் குடித்தனம். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் முப்பது வருஷம். எங்கள் வீட்டில் தன் படத்துக்கு மாலை போட்டாயிற்று என்பது அந்த வாரமே அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. "இந்து முஸ்லிம் கலவரம் வந்துதுல்லா, அப்பம் அக்கா வீட்டுக்கு ஓடிரலாமான்னு கெளம்பிட்டேன். பாதி தெருவுல நின்னுட்டேன். செத்தவன்னு மால போட்ட வீட்டுக்கு எந்த மொகத்தோட உசுரக் காப்பாத்துங்கன்னு போயி நிக்கது?" மாஸ்டர் வீட்டில் சுவரில் ஆள் படம் மாட்டுகிற வழக்கம் இல்லை. படம் இத்தனை நாளும் பீரோவில் துணிகளுக்கு நடுவே இருந்தது. மேடம் வந்து கேட்டபோது மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அக்கா என் வீட்டுக்கு வரமாட்டாள், நான் அவள் வீட்டுக்குப் போக முடியாது, ஆனால் இது எல்லாருக்கும் பொதுவான இடமல்லவா, எப்படியாவது காதில் விழுந்து ஒரு தடவை வந்து பார்க்க மாட்டாளா என்று அவளுக்கு நினைப்பு. நான் இங்கே வேலை செய்வது அவளுக்குத் தெரியாது.

"அந்தக் கொக்கி?" என்று கேட்டேன்.

"அது பழைய சாமான் கடையில மாஸ்டர் வாங்குன ஃப்ரேமுல்லா. யாரு வீட்டுத் தாத்தாவோட ஃப்ரேமோ!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு என் கையால் மாலை போட்டுவிட்டேன், ஏதாவது ஆகிவிட்டால் என்று, கழற்றிய மாலையை அவள் கண்ணில் படாமல் பைக்குள் தள்ளினேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "மால போட்டா ஆளு போவும்னா நான் முப்பது தடவ போயிருக்கணும்ல. கோட்டிக்காரப் பய."

நான் அன்றைக்குச் சாப்பாட்டில் சொன்னதைப் பற்றியும் கேட்டுவிட்டேன். "நீ சொன்னதுனாலதான்ல நான் கெளம்புனேன். சொல்லாட்டா பயந்துக்கிட்டே கெடந்து, அவிய பாத்த மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டியிருப்பேன்" என்றாள். முப்பது வருஷம் நான் சுமந்தது அவளுக்கு வழித்துணையாக இருந்திருக்கிறது. அழுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரு மாசம் படம் இங்க இருக்கும்லா. நான் வியாழக்கெழம வியாழக்கெழம வருவேன். அக்காகிட்ட சொல்லு. ஒரு தடவ வந்தாப் போதும்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் அப்பா படம், பக்கத்தில் சித்தி படம், இரண்டுக்கும் மாலை.

"அம்மா, சித்தியப் பாத்தேன்."

கீரை ஆய்கிற கை நிற்கவில்லை. "எங்க?" என்றாள்.

செத்தவளை எப்படிப் பார்த்தாய் என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டாள். காலையில் கேலரியில் ஆணி டப்பா விழுந்ததைவிட எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் பெரிய இடி.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"ஒங்கப்பா சொன்னாவ, செஞ்சேன். செத்துட்டான்னு சொன்னாப் புள்ள பத்து நாளு அழும், விட்ரும். ஓடிட்டான்னு சொன்னா ஆயுசு பூரா கேக்கும்லா."

"நான் ரயிலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டேன்மா."

கை அப்போதுதான் நின்றது. "படிப்பு ஏறலன்னுதானல சொன்ன?" என்று என்னைப் பார்த்தாள். 

அப்பா போன பிறகாவது மாலையை எடுத்திருக்கலாமே என்றேன். "எடுத்தா நாலு பேரு என்னன்னு கேப்பாவல்லா. செத்தவ பொழச்சி வந்துட்டான்னா சொல்லச் சொல்லுத?" என்றாள். சித்தி சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். கீரைத் தண்டுகளை முறத்தில் வாரிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமைகள் வந்தன. சித்தி காலையில் வந்து பெஞ்சின் ஒரு முனையில் உட்காருவாள். மறு முனையைக் காலியாகவே விட்டிருப்பாள். யார் படியேறி வந்தாலும் தலையைத் திருப்புவாள். மதியம் எழுந்து, "அடுத்த வாரம் பாப்போம்ல" என்று இறங்குவாள். ஒவ்வொரு வியாழன் இரவும் நான் அம்மாவிடம் சொல்வேன், அவள் எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள். மாதம் முடிந்து படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது மறுபடி பீரோவுக்குள் போய்விடும், இவர்கள் இருவரும் இனி எந்தக் காலத்திலும் பார்க்கப் போவதில்லை என்று பயந்தேன்.

கடைசி நாள் சனிக்கிழமை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக யாரோ ஏறுகிற சத்தம். அம்மா. கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலை. வியாழன் அன்று வந்தால் சித்தி இருப்பாள் என்று தெரிந்தே சனிக்கிழமை வந்திருக்கிறாள். படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக.

"டிக்கெட்டு எவ்வளவுல?"

"டிக்கெட்லாம் கெடையாதும்மா."

"சும்மாவா?" என்று ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே" என்றாள். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்தேன். படத்தைப் பார்த்தாள். கண்ணில் புரை இருந்தது அவளுக்கு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

படியில் மறுபடியும் காலடி. கடைசி நாள் என்பதால் சித்தியும் வந்துவிட்டாள். மேல் படியிலேயே நின்றாள். பின்னாலிருந்தே அக்காவை அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். புர்கா போட்ட ஒரு கிழவி. மரியாதைக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏம்மா, இந்தப் புள்ளய ஒங்களுக்குத் தெரியுமா?"

 கூடப் பிறந்தவளிடமே கேட்கிறாள்.

"கொஞ்சம் தெரியும்" என்றாள் சித்தி, படத்தைப் பார்த்தபடி.

"என் தங்கச்சி. அது என் சேலையாக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமக் கெட்டிட்டுப் போயிப் படம் எடுத்துட்டா."

"கேட்டாக் குடுத்திருப்பியளா?"

அம்மா யோசித்தாள். "குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். லேசாகச் சிரித்தாள்.

சித்தி நகர்ந்து வந்து அம்மாவின் இடது கையை எடுத்தாள். முன்பின் தெரியாதவள் கையைப் பிடிக்கிறாளே என்று அம்மா இழுக்கப் பார்த்தாள். சித்தி விடாமல் பெருவிரலை இழுத்தாள். சடக். அடுத்தது. சடக். நாலு விரல் ஆனதும் சுண்டு விரலைப் பிடித்தாள். இழுத்தாள். சத்தம் இல்லை.

"இது மட்டும் இன்னும் அத்தான மாதிரியேதான் இருக்குக்கா. வாயத் தொறக்க மாட்டேங்கு."

அம்மா படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"ஏட்டீ..." என்றாள். பிறகு சித்தியின் தோளில் பளார் பளார் என்று அடித்தாள். "பொங்கலுக்குப் பொங்கல் ஒனக்கு மால வாங்கிப் போட்டேனேட்டி! பாவி, வருசம் தவறாமப் போட்டேனேட்டி!"

"அந்தத் துட்டுக்கு எனக்கு ஒரு சேல எடுத்துத் தந்திருக்கலாம்லாக்கா. நானும் ஒன் சேலையக் கெட்டாம இருந்திருப்பேன்."

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் படங்களை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். மேடம் கதவோரம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் இத்தனை நாளில் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை.

அன்று சாயங்காலமே அம்மா ஸ்டூல் போடச் சொல்லி வீட்டுப் படத்திலிருந்து மாலையை எடுத்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. சித்தி கேலரிப் பிரதியைத் திருப்பி வாங்கவில்லை, இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கீழே மூன்று மொழியில் லேபிள் இருக்கிறது: "என் அம்மா. கல்யாணத்துக்கு முன்." மகன் எழுதிக் கொடுத்தது. ஹாலை ஃபைல்களுக்குக் கொடுக்கிற பேச்சும் நின்றுவிட்டது. அம்மாவும் சித்தியும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவே இல்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் பேசினார்கள். மேடம் அவர்களுக்கென்று ஒரு ஃபேனைக்கூட இடம் மாற்றிப் போட்டுக் கொடுத்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, சித்தியின் மகன் போன் செய்தான். சித்தி தூக்கத்திலேயே போய்விட்டாள். அம்மாவை டாக்ஸியில் ஆண்டாப் ஹில்லுக்குக் கூட்டிப்போனேன். தங்கையின் வீட்டுக்குள் அம்மா நுழைந்தது அன்றுதான் முதல் முறை. தையல் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தன் இடது சுண்டு விரலைத் தானே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சுவரைப் பார்த்தேன். அப்பாவுக்கு மாலை. சித்தியின் படத்தில் கொக்கி இரண்டும் வெறுமனே. இத்தனை நாளும் நான் கட்டிக் காத்த மாலையைப் பையிலிருந்து எடுத்தேன். கவரைப் பிரித்ததும் அறை முழுக்க அந்த வாசம்.  இப்போது தவறில்லை, இப்போது போடலாம்.

"போடட்டுமாம்மா?"

அம்மா தலையை ஆட்டினாள். "வேண்டாம்ல. உசுரோட இருக்கையில முப்பது வருசம் போட்டாச்சு. இனிமே அவ சும்மா இருக்கட்டும்."

மாலையைத் திரும்பக் கவரில் சுற்றி, ஆணிகளுக்கு அடியில் வைத்தேன். அங்கேதான் கிடக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் நீலச் சேலைப் படத்தைப் பார்த்துவிட்டு, மாலை இல்லாததால், இது யாரு, எங்கே இருக்காங்க என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். "என் தங்கச்சி. ஆண்டாப் ஹில்லுல இருக்கா" என்கிறாள் அம்மா.